இல்லாத ஆட்டின் பால்

“நோயைப் பிடித்தவன் நான். ஆட்டைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியது நீங்கள்” என்றார் டாக்டர் பவன்குமார்.

கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கு. அந்த மனிதர் அதில் எதைச் சொன்னாலும் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரியே இருக்கும். திருப்பதியில் அந்தத் தனியார் மருத்துவமனைக்கு அவர்தான் தலைமை மருத்துவர். தலைமை என்பதை அவரும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

எதிரில் உட்கார்ந்திருந்த டாக்டர் கேசியா சிரிக்கவில்லை. தொற்றுநோய் நிபுணர் என்று அவள் அறைக் கதவில் பலகை மாட்டியிருந்தார்கள். பேர் தெரியாத காய்ச்சல் வந்தால் கூப்பிடுவார்கள். பேர் வைத்தபின் மேடையேற வேறு ஆள் இருப்பார். இந்த முறை அவள் சித்தூரில் லீவில் இருந்தபோதே பேரும் வைத்து முடித்துவிட்டார்கள்.

“கதையை இன்னொரு தரம் சொல்லுங்கள் சார். நான் இல்லாதபோது நடந்தது” என்றாள்.

பவன்குமாருக்கு அது போதும். எழுந்து நின்று நடித்தே காட்டினார்.

“பேஷண்ட் பெயர் ரமணா. குடுபல்லிக்காரன். பெங்களூருக்கு ரயிலில் போய் டைல்ஸ் ஒட்டுகிறவன். ஒரு மாதமாகக் காய்ச்சல், உடம்பு வலி, கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டு. டைபாய்டு என்றார் ஒருவர், டிபி என்றார் இன்னொருவர். ஒன்றும் சரிப்படவில்லை. இங்கே வந்த அன்று நான் கேட்டேன், இதற்கு முன் ஏதாவது வியாதி உண்டா என்று. சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, ‘மேக…’ என்றான். பொறி தட்டியது எனக்கு. ‘மேகலா?’ என்றேன். ஒரு கணம் என்னை முறைத்துப் பார்த்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அவுனு சார், மேகலு, மேகலு’ என்றான்!”

தெலுங்கில் மேக என்றால் ஆடு, மேகலு என்றால் ஆடுகள், அவுனு என்றால் ஆமாம். ஆட்டின் பச்சைப் பாலிலும், குட்டி ஈனும்போது வருகிற நீரிலும் இருந்து மனிதனுக்குத் தாவுகிற கிருமி ஒன்று உண்டு, புரூசெல்லா என்று. மாதக்கணக்கில் காய்ச்சல் காட்டும், டிபி மாதிரி வேஷம் போடும். ரமணாவின் ரத்தத்தில் அதற்கான அடையாளம் லேசாகத் தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள். முதல் நாள் மாலை காய்ச்சல் தாறுமாறாக ஏறி நடுக்கியது. மறுநாளிலிருந்து இறங்கிவிட்டது.

“ஒரே ஒரு வார்த்தை, கேசியா! அடுத்த மாத மாநாட்டில் இதைத்தான் பேசப் போகிறேன். அந்த ஆட்டின் போட்டோ ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும்.”

“போட்டோவுக்கு ஆட்டின் சம்மதம் வாங்க வேண்டுமா சார்?” என்று கதவோரம் நின்ற டாக்டர் ஜெயபிரகாஷ் பணிவாகக் கேட்டான். கேசியாவின் ஜூனியர். நல்ல மூளை. வாய் மட்டும் அதைவிட ஓர் அடி முன்னால் போகும்.

பவன்குமாருக்கு ஆட்டின் போட்டோ வேண்டியிருந்தது. கேசியாவுக்கு ஆடே வேண்டியிருந்தது. ரமணாவின் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அந்தக் கிருமி வீட்டுக்குள் இருந்தால் மூன்றாவதும் தங்காது. அவனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று இங்கே எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம்தான் கேசியாவை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

*

ரமணா கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். கண்ணில் பயம் இல்லை. தேறிவிட்டவனின் தெளிவு இருந்தது.

“எத்தினி ஆடு வச்சிருக்கீங்க?” கேசியா தமிழில் கேட்டாள்.

“ஒண்ணுதான் மேடம்.”

“பச்சைப் பால் குடிப்பீங்களா?”

“குடிப்பேன் மேடம்.”

“குட்டி போடறப்ப நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்தீங்களா?”

“நாந்தான் பாத்தேன்.”

“ஆட்டுக்குப் பேரு வச்சிருக்கீங்களா?”

அவன் கண் சன்னல் பக்கம் போய்த் திரும்பியது. “மல்லிகா.”

அவன் உள்ளங்கைகள் இரண்டும் திட்டுத்திட்டாகத் தோல் உரிந்து கிடந்தன. “சிமெண்டு மேடம்” என்று அவனே முந்திக்கொண்டு சொன்னான். போர்வையின் அந்தக் கோடியில் காலுக்குக் கம்பளிச் சாக்ஸ் போட்டிருந்தான். ஏசி குளிர் என்றாள் நர்ஸ். குடுபல்லிக்குப் போக வெளியே நின்ற கார் ஹாரன் அடித்துக் கூப்பிட்டதால் கேசியா அதற்கு மேல் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும் என்று பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

சந்திரகிரி தாண்டியதும் ஜெயபிரகாஷ் ஆரம்பித்தான். “மேடம், போலீஸ்காரன் கொலைகாரனத் தேடுவான். நாம ஆட்டத் தேடிக்கினு போறோம். எங்கம்மா கேட்டா இன்னா சொல்றது? எம்.டி. படிச்சுட்டு மேய்க்கிற வேலைன்னா?”

“அவரோட பதில எல்லாம் கவனிச்சியா பிரகாஷ்?”

“கவனிச்சேன். நாம கேட்டத அப்டியே திருப்பித் தர்றாரு. குடிச்சீங்களா, குடிச்சேன். பாத்தீங்களா, பாத்தேன். வைவாவுல நான் தப்பிச்சதும் இப்டித்தான்.”

“கடிச்சுதான்னு கேட்டிருந்தா கடிச்சுதுன்னிருப்பாரு. அவரா யோசிச்சுச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், மல்லிகா. அதுக்கும் கொஞ்ச நேரம் புடிச்சுது.”

“சார் கேள்வியிலேயே பதிலக் குடுத்துட்டாருன்றீங்களா?”

“டாக்டருங்க நாம எல்லாரும் பண்றதுதான். கேட்டுத் தெரிஞ்சுக்கறோம்னு நெனச்சுக்கினு சொல்லிக் குடுத்துட்டு வர்றோம்.”

சித்தூர், பலமநேர் கடந்து குப்பம் போகும்வரை அவள் பேசவில்லை. ஜெயபிரகாஷ் மட்டும் வழியில் தெரிந்த ஒவ்வோர் ஆட்டையும் மல்லிகாவா என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

*

குடுபல்லியில் ரமணாவின் வீடு ஒற்றைக் கட்டு. முன்னால் தக்காளிக் கூடைகள், துவைக்கும் கல், ஒரு பைப். ஆடு கட்டிய முளை இல்லை, புழுக்கை இல்லை, தழை இல்லை. ஜெயபிரகாஷ் ஒரு சுற்றுச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான்.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தவள்தான் தேன்மொழி. வயசு இருபத்தைந்துக்குள் இருக்கும். கண்ணுக்குக் கீழே மட்டும் இன்னும் பத்து வயசு கூடியிருந்தது. “மாமாக்கு எப்டிக்கீது மேடம்?” என்பதுதான் அவள் முதல் வார்த்தை.

“நல்லா இருக்காரு. காய்ச்சல் விட்டுருச்சு. மல்லிகாவப் பாக்கத்தான் வந்தோம்.”

தேன்மொழியின் முகம் செத்துப் போயிற்று. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“மல்லிகாவா? யாரு மேடம் அது?”

“ஆடும்மா, ஆடு!” என்று ஜெயபிரகாஷ் பதறிப்போய்க் குறுக்கே விழுந்தான். “நாலு காலு, ரெண்டு கொம்பு. வேற ஒண்ணும் இல்ல.”

“ஆடா?” அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மூச்சும் வந்தது. “எங்க ஊட்ல ஏது ஆடு? மாமாக்கு ஆட்டு வாடையே ஆவாது. கறி கூடத் துன்ன மாட்டாரு. பக்கத்து ஊட்டு ஆடு இந்தப் பக்கம் வந்தாக் கல்லெடுத்துருவாரு.”

“பால்?”

“பாக்கெட் பாலுதான். அதுவும் டீக்கு.”

கேசியா ஜெயபிரகாஷைப் பார்த்தாள். அவன் காலி முற்றத்தை இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தான்.

ஆடு இல்லை என்றால் அந்த நோய்க்கு வழி இல்லை. வழி இல்லாத நோய்க்குத்தான் மருந்து கொடுத்துக் காய்ச்சலும் இறங்கியிருக்கிறது. ரமணா எதற்காக இல்லாத ஆட்டுக்குப் பால் கறந்தான்? நோயாளிகள் பொய் சொல்வது அவளுக்குப் புதிதில்லை. சாராயத்தைக் குறைத்துச் சொல்வார்கள், மருந்தைக் கூட்டிச் சொல்வார்கள். ஆட்டை யாரும் இட்டுக்கட்டி அவள் கேட்டதில்லை.

“உனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யணும்மா” என்றாள்.

தேன்மொழி பின்வாங்கினாள். “வேணாம் மேடம். மாமா வேணாம்னுக்கீறாரு. ரத்தம் எடுத்தா வயித்துல கீற புள்ளைக்குச் சத்து போயிடுமாம். ஆஸ்பத்திரி நர்ஸம்மா ரெண்டு வாட்டி ஊட்டுக்கே வந்து கூப்ட்டாங்க. சண்ட போட்டு அனுப்பிட்டாரு. ஸ்கேனுக்கு மட்டும் கூட்டினு போவாரு. எம்மேல அம்மாம் உசுரு அவருக்கு.”

“மொதல் ரெண்டு தடவை?”

“மொதல்ல எடுக்கவே இல்ல. ரெண்டாவதுக்கு எங்கயும் போவல, எங்கம்மா ஊட்லதான் இருந்தேன். அது போன பெறவுதான் மாமா இத்தச் சொல்ல ஆரம்பிச்சாரு.”

உள்ளேயிருந்து மாமியார் ரத்னம்மா வந்தாள். கையில் ஏதோ பச்சிலை அரைத்த கிண்ணம். வந்தவர்கள் டாக்டர்கள் என்று தெரிந்ததும் கிண்ணத்தை மறைக்கவில்லை. நன்றாகத் தெரிகிற மாதிரியே நீட்டினாள்.

“நீங்களே கேளுங்க டாக்டரம்மா. குளுமைக்குக் குடுத்தா குடிக்க மாட்டேன்றா. மொதப் புள்ள ஏழாம் மாசத்துல செத்துப் பொறந்துச்சு. ரெண்டாவது பொறந்து ரெண்டு நாள் இருந்துச்சு, அத்தப் பாத்தீங்கன்னா தாங்க மாட்டீங்க. உள்ளங்கை, உள்ளங்காலு எல்லாம் தோல் உரிஞ்சி, வெந்தாப்புல. சுடுதண்ணில போட்டு எடுத்த மாதிரி. இவ ஒடம்புல அம்மாம் மேகச்சூடு. எம்புள்ள வம்சத்தையே வேவ வச்சுட்டா.”

தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். பலமுறை கேட்டவள் குனிகிற மாதிரி, பழகிய குனிவு.

கேசியா சட்டென்று மாமியார் பக்கம் திரும்பினாள்.

“என்ன சூடுன்னு சொன்னீங்க?”

“மேகச்சூடு டாக்டரம்மா. மேகம், மேகம்.”

*

காருக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது கேசியாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“பிரகாஷ், ஆடு வச்சிருக்கேன்னு சொல்றதுக்கு எவனாவது சுத்திமுத்திப் பாப்பானா? குரலத் தாழ்த்துவானா?”

“திருட்டு ஆடா இருந்தா…” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். நெற்றியில் அடித்துக்கொண்டான். “அய்யோ ராமா. மேடம், அவரு தெலுங்குல பேசல. தமிழ்ல பேசியிருக்காரு!”

“காய்ச்சல் வேகத்துல வாய் வீட்டு மொழிக்குப் போயிருக்கு. முன்னால ஏதாவது வியாதி உண்டான்னு சார் கேட்டாரு. அதுக்கு நேரான பதில், மேகம். வானத்துல போறது இல்ல. கண்ட எடத்துல படுத்து வாங்கிக்கினு வர்ற நோய்க்கு நம்ம பக்கத்துப் பேரு. சாருக்கு அந்தத் தமிழ் தெரியாது. முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆடுன்னு புடிச்சுக்கினாரு.”

“தமிழ்ல நமக்கு ஒரே ‘க’ எழுத்துதான். தெலுங்குல அவங்களுக்கு நாலு. நாலு இருந்தும் தப்பான கதவத் தட்டிட்டாரு.”

சிபிலிஸ். படித்த பேர் அதுதான். காய்ச்சல், நெறிகட்டு, கை உரிந்தது, எல்லாம் அதற்குள் அடங்கும். முதல் மருந்தில் காய்ச்சல் ஏறி நடுக்கியது கூட அதன் குணம்தான், கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு அப்படித்தான் ஆடும். ரத்தத்தில் லேசாகத் தெரிந்த ஆட்டு நோயின் அடையாளம் அந்த நோய் இல்லாதவர்களுக்கும் சில சமயம் தெரியும். ஆட்டு நோய்க்கென்று கொடுத்த மருந்து இதையும் ஓரளவு கேட்கும். அதனால்தான் பவன்குமார் வாகை சூடிக்கொண்டார்.

“ஆனா மேடம், வி.டி.ஆர்.எல். எடுத்திருக்கோம். அதுல ஒண்ணும் இல்லன்னு வந்துது. நானே பாத்தேன்.”

அது சிபிலிஸைக் காட்டுகிற சாதாரண ரத்தச் சோதனை. கேசியா மருத்துவமனை லேபிலிருந்த டாக்டர் சந்தியாவைப் போனில் கூப்பிட்டாள்.

“சந்தியா, ரமணாவின் பழைய சாம்பிள் இருக்கிறதா? வி.டி.ஆர்.எல். மறுபடியும் போடு. தண்ணீர் மாதிரி நீர்க்க நீர்க்கக் கலந்து போட்டுக்கொண்டே போ. வார்டு நர்ஸை விட்டு அவர் சாக்ஸையும் கழற்றிப் பார்க்கச் சொல்.”

போனை வைத்ததும் ஜெயபிரகாஷ் கேட்டான். “நீர்த்தா இருக்கறதும் போயிடாதா?”

“திருப்பதி பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கியே. எல்லாரும் ஒரே வாசல்ல முண்டினா ஒருத்தரும் ஏற முடியாது. இந்தச் சோதனையும் அப்டித்தான். ரத்தத்துல எதிர்ப்புச் சத்து கொஞ்சமா இருந்தா ஒட்டிக்கினு உண்மையச் சொல்லும். அளவுக்கு மேல போனா மூச்சுத் திணறி, இல்லன்னு சொல்லிடும். கூட்டத்தக் கொறைச்சாத்தான் ஏறும்.”

“அதிகமா இருந்ததாலதான் இல்லன்னு வந்துதா! பொய் சொல்றதுல பேஷண்ட்டுக்கும் டெஸ்ட்டுக்கும் நல்ல ஜோடி.”

அவன் சொன்னதில் சிரிப்பு இல்லை. அவள் மறுபடி வீட்டுக்குள் போனாள். ரத்னம்மாவைத் தாண்டி, தேன்மொழியிடம் நேராகப் பேசினாள்.

“ரத்தம் எடுத்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எடுக்காட்டித்தான் பயம். மத்தவங்க சொன்னத விடு. உன் இஷ்டம் என்ன?”

தேன்மொழி மாமியாரைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

“எடுங்க. மாமாவையும் பாக்கணும். உங்க கார்லயே வர்றேன்.”

பலமநேர் தாண்டும்போது சந்தியாவின் குரல் வந்தது. “கேசியா, நீர்த்தபிறகு பளிச்சென்று வந்துவிட்டது. எவ்வளவு கலந்தாலும் போகவே மாட்டேன் என்கிறது. சாக்ஸை அவன் கழற்றவே விடவில்லையாம், இரண்டு பேர் பிடித்துக் கழற்றினார்கள். உள்ளங்காலிலும் அதே திட்டுகள். சிமெண்டில் வெறுங்காலோடு நின்றேன் என்கிறான்.”

பின் இருக்கையில் தேன்மொழி சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கேசியா கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தத் தூக்கத்தைக் கலைக்கப் போவது தான்தான் என்பது அவளுக்குக் கசந்தது.

*

ரமணாவின் அறைக்குக் கேசியா தனியாகப் போனாள். கதவைச் சாத்தினாள்.

“மல்லிகாவப் பாத்துட்டு வந்தேன். நல்லாருக்கு. ரெண்டு குட்டி போட்டிருக்கே?”

“ஆமா மேடம்” என்றான் ரமணா. “போன மாசம்.”

சொல்லி முடித்தபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. போர்வைக்குள் கால்களை இழுத்துக்கொண்டான்.

“மொதல் ஊசி எங்க போட்டுக்கினீங்க ரமணா?”

ரமணா போர்வை ஓரத்தை விரலால் நிமிண்டினான்.

“பெங்களூர்ல. கல்யாணம் ஆன புதுசுல. கூட வேல செய்றவங்களோட ஒரு எடத்துக்குப் போயிருந்தேன்… புண்ணு வந்துச்சு. டாக்டரு ஊசி போட்டாரு. ஆறிடுச்சு.”

“வீட்டுக்காரிய கூட்டிக்கினு வரச் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“ஏன் கூட்டிக்கினு போகல?”

“எப்டி மேடம்? எங்க போறோம்னு கேக்குமே, இன்னான்னு சொல்றது? எனக்கு ஆறிடுச்சு. அதுக்கும் ஆறியிருக்கும்னு நெனச்சேன்.”

“ரெண்டாவது குழந்தை தோல் உரிஞ்சு பொறந்தப்ப?”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “அப்பத் தெரிஞ்சுது. ரத்தம் எடுத்தா எம்பேரு வெளில வந்துரும்னு…”

அன்று ஆறியது மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் ஒட்டியதா, வீட்டில் ஒட்டியதா என்பதை உடம்பு சொல்லாது, அவனும் சொல்லப் போவதில்லை.

“மொத நாளு உண்மையத்தான் மேடம் சொல்ல வந்தேன்” என்றான் திடீரென்று, குற்றம் சாட்டுகிற குரலில். “சாவப் போறேன்னு பயம். சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். சார்தான் ஆடான்னாரு. சாமியே வந்து கண்ணக் காட்டினாப்புல இருந்துச்சு.”

கேசியாவுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிடக் கேவலம், அவன் சொன்னதில் பாதி உண்மை. அவன் பொய்யோடு வரவில்லை. இங்கே படித்தவர்கள் கூடி அவனுக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, அதற்குப் பாலும் கறந்து காட்டினார்கள்.

“உங்க விஷயத்த நான் அவகிட்டச் சொல்லக் கூடாது. அது சட்டம். அவ ரத்தத்தப் பத்தி அவகிட்டச் சொல்வேன், அதுவும் சட்டம். அதுக்கு முன்னால நீங்களே சொல்லிடுங்க. வெளில உக்காந்திருக்கா. ஒரு டீ குடிக்கிற நேரம் தர்றேன்.”

கான்டீனில் ஜெயபிரகாஷ் இரண்டு டீயோடு நின்றான். டீ வாயில் வைக்குமுன் பவன்குமாரின் போன் வந்தது.

“என்ன கேசியா, ஆடு கிடைத்ததா?”

“இல்லை சார். நீங்கள் கூப்பிட்டதால் வந்த ஆடு அது. ஓடிப்போய்விட்டது.”

அவருக்குப் புரிய நேரமாகும். புரிந்ததும் கோபம் வரும், அப்புறம் மாநாட்டுக்கு வேறு தலைப்பு வரும். மன்னிப்பு மட்டும் வராது என்று அவளுக்குத் தெரியும். சந்தியா தேன்மொழியின் ரத்த முடிவைச் சொன்னபோது ஜெயபிரகாஷ் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டான். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கேட்கும்போது வலித்தது.

*

தேன்மொழி ஊசி போடும் அறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேனில் குழந்தையின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்ததைச் சற்று முன்தான் அவளுக்குக் காட்டியிருந்தார்கள். ரமணா வராந்தாவில் சுவரோரம் நின்றான்.

“உங்க வீட்டுக்காரர் பேசினாரா?” என்றாள் கேசியா.

“பேசினாரு. இது ஆட்டுக் காய்ச்சலாம். எங்கயோ வேல செய்ற எடத்துல ஆட்டுப்பாலு குடிச்சாராம். அது எனக்கும் தொத்திக்கினு கீதாம்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “மாமா ஆட்டுப்பாலக் குடிச்சா அந்த எடத்துலயே வாந்தி எடுத்துருவாரு மேடம். அவரு கண்ணப் பாத்துக்கினேதான் கேட்டேன். அது எம்மேல நிக்கல. அவரு கதைய உடுங்க. என் ரத்தத்துல இன்னா கீது? அத்த எனக்குச் சொல்லுங்க.”

கேசியா சொன்னாள். நோயின் பேரைச் சொன்னாள். எப்படி வரும் என்று சொன்னாள். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று சொன்னாள். இப்போதே பெனிசிலின் போட்டால் இந்தக் குழந்தையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னாள். யாருடைய பேரையும் சொல்லவில்லை.

தேன்மொழி அழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

“எனக்குச் சூடு இல்லியா மேடம்?”

“இல்லம்மா. உன் உடம்புல ஒரு குத்தமும் இல்ல. உனக்கு வந்தது, நீ கொண்டு வந்தது இல்ல.”

“இந்த ஊசி அப்பவே போட்டிருந்தா? மொத ரெண்டும்?”

இந்தக் கேள்விக்கு இதமான பதில்கள் உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாது, எல்லாம் கடவுள் சித்தம் என்று ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாய்தான். கேசியா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இவளிடம் இன்னொரு பொய்யையும் வைக்க மனம் வரவில்லை.

“பொழைச்சிருக்கும்மா. அனேகமா ரெண்டும் பொழைச்சிருக்கும்.”

“ஒரு ஊசிலயா?”

“ஆமா. மொதல்லயே போட்டிருந்தா ஒரு ஊசி போதும்.”

வராந்தாவில் நின்றவனுக்கும் அது கேட்டது. அவன் ஓரடி முன்னால் வந்து, “தேனு…” என்றான். அவள் திரும்பவில்லை. எழுந்து போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். மருந்தைக் கலக்கி எடுத்துவந்த நர்ஸ் வெங்கடலட்சுமிக்கு நடந்தது எதுவும் தெரியாது. வழக்கம்போல் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தெலுங்கும் தமிழுமாய்க் கேட்டாள்.

“பேரு தேன்மொழி, சரே. வைஃப் ஆஃப் ரமணாதானே?”

“இல்ல” என்றாள் தேன்மொழி. “வெட்டிட்டு டாட்டர் ஆஃப் போடுங்க. எங்க நைனா பேரு கங்கையா.”